ஏற்போர் ஆம் என்க

கரை வேட்டியைப் பாத்துட்டு முகத்தைத் திருப்பிக்காதீங்க தம்பி. கொஞ்சம் தள்ளி உக்காந்தாப் போதும். நான் வம்புக்குப் போற ஆளு இல்ல. வெண்ணாங்குடி கிளைச் செயலாளர், பேரு பிச்சமுத்து. கட்சி வேலை போக மீதி நேரத்துல பஞ்சர் கடை. பஞ்சர் ஒட்டிக் கட்சி நடத்துற ஒரே ஆளு நீங்கதான்னு என் பொண்டாட்டி சொல்லிக்கிட்டே இருப்பா. இப்பச் சொல்றதில்ல. இப்ப எதுவுமே பேசறதில்ல.

நீங்க படிக்கிற பக்கத்தத்தான் நானும் எட்டிப் பாத்துக்கிட்டிருந்தேன். புதுச் சட்டம் போட்டு நடத்தை விசாரணை ஆணையத்தோட பல்லைப் புடுங்கிட்டாங்கன்னு போட்டிருக்கான் பாருங்க. தலைவரா இருந்த ரிட்டயர்டு ஜட்ஜ் ராஜினாமா பண்ணிட்டாராம். வக்கீலுங்க ஊர்வலம் போறாங்களாம். நல்லாத்தான் எழுதியிருக்கான். அந்தச் சட்டம் நிறைவேறுன அன்னிக்கு நான் அங்க இருந்தேன் தம்பி. சட்டசபைக்குள்ளயே. மேல, பார்வையாளர் மாடத்துல. எங்க செம்பியன் அண்ணன்தான் பாஸ் வாங்கிக் கொடுத்தாரு. எங்க தொகுதி எம்.எல்.ஏ.

நேத்தும் அவரைப் பாக்கத்தான் மெட்ராஸ் போயிட்டு வரேன். காலையில ரயிலை விட்டு இறங்கி டீகூடக் குடிக்காம இந்த பஸ்ஸைப் புடிச்சேன். வெண்ணாங்குடி வர இன்னும் நேரம் இருக்கு. யாருகிட்டயாவது சொன்னாத் தேவலைன்னு இருக்கு. பேப்பரை மடிச்சு வச்சுக்குங்க, அப்புறம் படிக்கலாம்.

அண்ணன் நல்லவரு. அதை முதல்லயே சொல்லிடறேன், அப்புறம் நீங்க தப்பா எடுத்துக்கக் கூடாது. அவரு ஒன்றியச் செயலாளரா இருந்த காலத்துலேர்ந்து நான் கூட இருக்கேன். என் மக பொறந்தப்ப, பொதுக்கூட்ட மேடையில ஏறி அவரு கையிலதான் குழந்தையைக் கொடுத்தேன், பேரு வைங்கண்ணேன்னு. மத்தவங்கன்னா தலைவரோட அம்மா பேரு, சம்சாரம் பேருன்னு ஏதாவது வச்சிட்டுப் போயிருப்பாங்க. அண்ணன் படிச்சவரு. மைக்கைப் புடிச்சு, "எழிலி"ன்னாரு. மேகமாம். இந்தப் பேரு வாயில நுழையலியேன்னு காந்திமதி சலிச்சுக்கிட்டா. காந்திமதின்னா என் பொண்டாட்டி. அப்புறம் அவதான் நாள் பூரா எழிலி எழிலின்னு கூப்பிட்டுக்கிட்டுக் கிடந்தா.

ஒரே பொண்ணு. காலேஜ்ல ரெண்டாவது வருஷம்.

எங்க ஊர் பஸ் ஸ்டாப் ரோட்டை அகலப்படுத்துனப்ப மொட்டையாப் போச்சு. ஒரு மரம் கிடையாது. பொண்ணு புத்தகப் பையைத் தலையில வச்சுக்கிட்டு நிக்கும். அதைப் பாத்துட்டுத்தான் அண்ணன்கிட்டப் போயிக் கேட்டேன். அண்ணே, நம்ம ஊருக்கு ஒரு நிழற்குடை. அவரு ஒரு வார்த்தை மறுத்துப் பேசல. "நான் பேரு வச்ச பொண்ணு வெயில்ல நிக்கலாமாய்யா"ன்னாரு. தொகுதி நிதியிலேர்ந்து ஒதுக்கிட்டாரு. வேலையை எடுத்தது துரைராஜு, அண்ணனோட மச்சினன். ஊர்ல அதுக்கும் ஒரு பேச்சு. பரிமாறுறவன் நம்மாளா இருந்தாக் கடைசிப் பந்தியிலயும் சோறு கெடைக்கும்னு சொல்றதில்லயா? எல்லாக் கட்சியிலயும் நடக்கறதுதான். நாங்க என்ன புதுசாவா கண்டுபிடிச்சோம்?

முகப்புல அண்ணன் பேரைப் பெயிண்ட்டுல எழுதறதா இருந்தாங்க. நான்தான் விடல. மழையில அழிஞ்சிரும், சிமெண்ட்டுலயே எழுத்தை வார்த்து வைங்கன்னு சொன்னேன். ஒவ்வொரு எழுத்தும் ஒரு ஆள் கை நீளம். திறப்பு விழாவுக்குச் செவந்திப்பூவாலயே ஜோடிச்சோம். ரோட்டுல போற பஸ்ஸுல இருக்கறவங்கல்லாம் தலையை நீட்டிப் படிச்சாங்க.

ஐப்பசியில ஒரு காலை. நல்ல மழை. கூட நின்ன பொண்ணு பேனா வாங்கறேன்னு எதிர்க் கடைக்கு ஓடியிருக்கு. எழிலி மட்டும் உள்ள நின்னா. கூரை அப்படியே உக்காந்துடுச்சு.

மழைக்குத்தான ஒதுங்குனா தம்பி. நனைஞ்சிருந்தா என்ன ஆயிருக்கும்? சளி புடிச்சிருக்கும். ரெண்டு நாள் கஷாயம் வச்சுக் கொடுத்திருப்போம்.

தண்ணி வேணாம், வேணாம். இருக்கட்டும். இது அப்பப்ப வரும், போயிரும்.

அண்ணன் சேதி கேட்டதும் மெட்ராஸ்லேர்ந்து காரை அடிச்சிக்கிட்டு வந்துட்டாரு. எங்க வீட்டுத் தரையில உக்காந்து என்னைக் கட்டிப் புடிச்சுக்கிட்டு அழுதாரு. பாடையில ஒரு பக்கம் தோள் கொடுத்தாரு. எந்த எம்.எல்.ஏ வருவான் சொல்லுங்க? காரியம் முடிஞ்சும் வந்தாரு, இலை போட்டு எங்களோட உக்காந்து சாப்பிட்டாரு. அதெல்லாம் காந்திமதி பாத்துக்கிட்டுத்தான் இருந்தா. பாத்தும் என்ன செஞ்சா? கருமாதி ஈரம் காயறதுக்குள்ள மெட்ராஸ் போயி, நடத்தை ஆணையத்துல புகார் கொடுத்துட்டு வந்துட்டா. செம்பியன் மேல, துரைராஜு மேல. என்கிட்ட ஒரு வார்த்தை கேக்கல.

பத்தாவது படிச்ச பொம்பள, தனியா ஒரு ஊருக்குப் போனதில்ல. எப்படிப் போனான்னு எனக்கு இன்னிக்கும் வெளங்கல. கேட்டா, "அங்க யாரும் போன் போட்டு நிறுத்த முடியாதாம், காலேஜ் டீச்சர் சொன்னாங்க"ன்னா. அதான் அந்த ஆணையத்தோட விசேஷம் தம்பி. மந்திரியானாலும் எம்.எல்.ஏ ஆனாலும் யாரும் நேரடியாப் புகார் கொடுக்கலாம். அவங்க யாரையும் அனுமதி கேக்க வேண்டியதில்ல. அப்ப அப்படி இருந்துச்சு.

நான் கத்துனேன். அண்ணன் மூஞ்சியில எப்படி முழிப்பேன்னு கத்துனேன். அவ அரிசி களைஞ்சுக்கிட்டிருந்தா, நிமிரவே இல்ல. "எழிலி ஏன் செத்தான்னு யாராவது ஒருத்தர் எனக்குச் சொல்லணும். அவ்வளவுதான் நான் எழுதியிருக்கேன்"ன்னா. கடவுள் இஷ்டம்னு நான் சொன்னேன். அவ களைஞ்ச தண்ணியைக் கொட்ட எந்திரிச்சுப் போயிட்டா.

அப்புறம் ஆணையத்துலேர்ந்து ஒரு அதிகாரி அம்மா வந்தாங்க. பெனடிக்டா மேடம். நம்பிப் பேசறதுக்கு ஏத்த முகமே இல்ல, சிரிக்கவே மாட்டாங்க. இடிஞ்சு கெடந்த தூணை ஒரு சின்னச் சுத்தியலால தட்டுனாங்க, பொலபொலன்னு மண்ணா உதிர்ந்துச்சு. உள்ள கம்பி எங்கன்னு கேட்டாங்க. இருந்த கம்பி, நாங்க கொடி கட்டுவமே, அந்தக் கனம்தான் இருந்துச்சு. முகப்புல இவ்வளவு பாரத்தை யாரு ஏத்தச் சொன்னதுன்னு கேட்டு, அதையும் எழுதிக்கிட்டாங்க. எழுத்து என்ன தம்பி பண்ணும், பாவம்.

எனக்கு அந்தம்மா மேல வருத்தந்தான். வெயில்ல வந்திருக்காங்களேன்னு மோர் கலந்து கொடுத்தேன். வேணாம்னுட்டாங்க. விசாரணைக்கு வந்த எடத்துல எதுவும் வாங்கக் கூடாதாம். தன்னோட பாட்டில் தண்ணியையே குடிச்சாங்க. எங்க அண்ணன் தரையில உக்காந்து எங்க வீட்டுச் சோத்தைத் தின்னாரு, இவங்க ஒரு டம்ளர் மோர் குடிச்சா என்ன கொறைஞ்சு போயிரும்? ஆனா காந்திமதி அவங்க போனப்புறம் அந்த மோரைக் கையில வச்சுக்கிட்டு, "இவங்க கண்டுபிடிச்சிருவாங்க"ன்னா. எழிலி போனதுக்கப்புறம் அவ முகத்துல கொஞ்சம் உயிர் வந்ததை அன்னிக்குத்தான் பாத்தேன். அன்னிக்கு ராத்திரி சாப்பிட்டா.

விசாரணைக்குத் தேதி போட்டாங்க. அண்ணன் நேர்ல வரணும்னு சம்மன். காந்திமதி காலண்டர்ல அந்தத் தேதியைச் சுத்தி மஞ்சள் வச்சிருந்தா, நல்ல காரியத்துக்கு நாள் குறிச்ச மாதிரி.

நான் செத்துப் போகலாமான்னு இருந்தேன். அண்ணன்கிட்ட எப்படிப் பேசறதுன்னு தெரியாம போனை எடுக்காமலே இருந்தேன். அவரே ஒரு நாள் பேசுனாரு. ஒரு கடுஞ்சொல் கெடையாது. "பிச்சமுத்து, நாளான்னிக்கு சபையில பேசறேன்யா. நான் எம்.எல்.ஏ ஆகி முத தடவை எனக்கு நேரம் ஒதுக்கியிருக்காங்க. நீ வந்து கேக்கணும்"னாரு. சொல்லுங்க, தன் மேல புகார் கொடுத்தவளோட புருஷனைக் கூப்பிட்டு வச்சுக் கௌரவிக்க யாருக்கு மனசு வரும்?

போனேன். வாசல்ல கறுப்புக் கோட்டுப் போட்ட ஆளுங்க, காலேஜ் பசங்க, அட்டையைத் தூக்கிக்கிட்டுக் கத்திக்கிட்டு நின்னாங்க. ஆணையத்தைக் கொல்லாதேன்னு. நம்ம ஆளுங்களுக்கு எதிரா எப்பவும் நாலு பேர் கத்திக்கிட்டுத்தான இருப்பான்னு நான் உள்ள போயிட்டேன். போனை வாங்கி வச்சுக்கிட்டான். கைதட்டக் கூடாது, கால் மேல கால் போடக் கூடாதுன்னு சொல்லித்தான் மாடத்துக்கு ஏத்துனான். ஏசி சில்லுன்னு இருந்துச்சு. கீழ அண்ணன் தெரிஞ்சாரு, ரொம்பப் பின் வரிசையில. அண்ணாந்து என்னைப் பாத்துத் தலையை ஆட்டுனாரு. அந்த ஒரு தலையாட்டலுக்காக நான் இத்தனை வருஷம் கொடி கட்டியிருக்கேன் தம்பி. பொய் சொல்லல.

சட்டத்துக்கு ஏதோ நீளமாப் பேரு சொன்னாங்க. நடத்தை ஆணையச் சீரமைப்புன்னு என்னமோ. குளத்தைச் சீரமைக்கிறோம், ரோட்டைச் சீரமைக்கிறோம், நல்லதுக்குத்தானன்னு இருந்தேன். இனிமே சபை உறுப்பினர் மேல புகார் வந்தா, உறுப்பினர்களே இருக்கற ஒரு குழு அனுமதி கொடுத்தாத்தான் விசாரிக்கலாமாம். ஏற்கெனவே இருக்கற புகாருக்கும் அதேதானாம். இதெல்லாம் அப்புறம் எனக்கு ஒருத்தர் சொல்லி வெளங்குனது. அன்னிக்கு நான் சட்டத்தைக் கேக்கல. அண்ணனைத்தான் கேட்டேன்.

எப்படிப் பேசுனாருங்கறீங்க. ஒரு எடத்துல குரலை இறக்கி, "மாண்புமிகு பேரவைத் தலைவர் அவர்களே, வெயிலில் நிற்கும் ஏழைப் பெண்களுக்கு ஒரு நிழற்குடை கட்டிக் கொடுத்ததற்காக, மக்கள் தேர்ந்தெடுத்த ஒருவன் கைகட்டி விசாரணையில் நிற்க வேண்டுமா?"ன்னாரு. சபையே மேசையைத் தட்டுச்சு. மந்திரிங்க திரும்பிப் பாத்துத் தட்டுனாங்க. எனக்கு உடம்பெல்லாம் சிலிர்த்துப் போச்சு. நம்ம வெண்ணாங்குடி நிழற்குடை சட்டசபையில பேச்சா ஆயிருச்சே. கண்ணுல தண்ணி முட்டிக்கிட்டு வந்துச்சு. பக்கத்துல இருந்தவன்கிட்ட, எங்க ஊருதான், எங்க ஊருதான்னேன்.

அப்புறம் சபாநாயகர், "ஏற்போர் ஆம் என்க"ன்னாரு. எல்லாரும் ஆம்னாங்க. எதிர்க்கட்சியிலயும் பாதிப் பேரு ஆம்னுதான் சொன்னான், இதுல மட்டும் எல்லாரும் ஒத்துமை. நானும் வாய்க்குள்ள ஆம்னு சொல்லியிருக்கேன். காவலுக்கு நின்னவன் என் பக்கம் பாத்து முறைச்சான். சிரிப்பா வந்துச்சு.

வெளியில வந்து போனை வாங்குன கையோட ஊருக்குப் பேசுனேன். டேய், அண்ணன் சிங்கம் மாதிரி கர்ஜிச்சிட்டாருடா, பேனர் அடிங்கடான்னு. பஸ் ஸ்டாப்புலயே கட்டுங்க, இடிஞ்சதை அள்ளுனப்புறம் அங்க எடம் காலியாத்தான இருக்கு, ரோட்டுல போறவனுக்கெல்லாம் தெரியும்னு சொன்னேன். வெடி போட்டாங்க. பஸ்ஸை நிறுத்தி மிட்டாய் கொடுத்தாங்க. காந்திமதி வீட்டுக்குள்ள இருந்திருக்கா, ஏதோ கல்யாண ஊர்வலம்னு நெனைச்சிருக்கா.

விசாரணைத் தேதி வந்துச்சு. நான் போகல. அவ தனியா எழிலி போட்டோவைப் பையில வச்சுக்கிட்டு மெட்ராஸ் போனா. அங்க ஆபீஸ் தொறந்திருந்துச்சாம், விசிறி ஓடுச்சாம், ஆளு இல்லியாம். பெனடிக்டா மேடம் மேசையைக் காலி பண்ணிக்கிட்டு இருந்திருக்காங்க. வேற ஏதோ துறைக்கு மாத்திட்டாங்க போல. "உங்க மக விஷயத்துல நான் எல்லாத்தையும் கண்டுபிடிச்சிட்டேம்மா. ஆனா அதை இனிமே யாருகிட்டயும் சொல்ல எனக்கு அதிகாரம் இல்ல"ன்னாங்களாம். சிரிக்காத அந்தம்மா அழுதுட்டாங்களாம். இவளுக்குத் தண்ணி வாங்கிக் கொடுத்தாங்களாம். விசாரணைதான் முடிஞ்சு போச்சே, இனிமே கொடுக்கலாம், குடிக்கலாம்.

திரும்பி வந்து ஸ்டாப்புல இறங்குனவ, பேனர் முன்னாடி நின்னுட்டா. அதுல எழுதியிருக்கறதை வரி வரியாப் படிச்சிருக்கா. வீட்டுக்கு வந்து என் எதிர்ல உக்காந்து, "அன்னிக்கு என்ன பேசுனாரு?"ன்னு கேட்டா. ரொம்ப நாளைக்கப்புறம் என்கிட்ட ஒண்ணு கேக்கறாளேன்னு எனக்கு ஒரே சந்தோஷம். அண்ணன் பேச்சு எனக்கு மனப்பாடம். அவரு கையை நீட்டுன மாதிரி நீட்டி, குரலை இறக்குன எடத்துல இறக்கி, முழுசாச் சொன்னேன். நடுவுல அவ நிறுத்தவே இல்ல. மேசையைத் தட்டுனதையும் தொடையில தட்டிக் காட்டுனேன்.

"நீங்க என்ன சொன்னீங்க?"ன்னா.

நான் பாக்க வந்தவன், நான் என்னத்தைச் சொல்றதுன்னேன். அவ என் வாயையே பாத்துக்கிட்டிருந்தா. அவ்வளவுதான் தம்பி. அன்னிக்கோட பேச்சு நின்னுச்சு.

அதனாலதான் நேத்து அண்ணன்கிட்ட ஓடுனேன். அண்ணே, அவ கேக்கறது ஒண்ணே ஒண்ணு, ஏன் செத்தான்னு யாராவது சொல்லணும், அவ்வளவுதாண்ணேன்னு. அண்ணன் கையைப் புடிச்சு உக்கார வச்சாரு. "அதுக்குத்தானய்யா குழு போட்டிருக்கு. மனு கொடுக்கச் சொல்லு. குழுவுல நானே ஒரு உறுப்பினர்"னாரு. எனக்கு உயிரே வந்துச்சு. நம்ம அண்ணனே இருக்கையில நமக்கு என்ன கவலை? ஆனா என் சம்பந்தப்பட்ட விஷயத்துல நான் வாயைத் தொறக்க மாட்டேன், மத்தவங்க முடிவு பண்ணட்டும்னாரு. அதுவும் நியாயந்தான, எவ்வளவு ஒழுங்கா நடக்கறாரு பாருங்க. குழு எப்பக் கூடும்ணேன்னு கேட்டேன். கூடும்போது கூடும்னாரு.

அப்புறம்தான் இன்னொண்ணு சொன்னாரு. அதே எடத்துல புது நிழற்குடை. எழிலி பேரையே வைக்கப் போறாராம். நாளைக்கே குழி தோண்ட வராங்க. யாரு கட்டறதுன்னு நான் கேக்கல. துரைராஜு அந்த அறையிலயே உக்காந்திருந்தான், என்ன கலர் அடிக்கலாம் மாமான்னு என்னைத்தான் கேட்டான். நீலம்னேன். எழிலிக்கு நீலம் புடிக்கும். வாய் சொல்லிடுச்சு தம்பி. இந்த வாய்க்கு வேற எதுவும் சொல்லத் தெரியல.

கெளம்பறப்ப அண்ணன் சொன்னாரு, குழி தோண்டறதுக்கு முன்னாடி அந்தப் பேனரை நீயே அவிழ்த்துடு, உன் வீட்டுக்காரி நீ சொன்னாக் கேப்பான்னு. சரிண்ணேன்னு வந்துட்டேன்.

என் வீட்டுக்காரி அங்கதான் இருக்கா. தெனமும் விடிஞ்சதும் வந்து உக்காந்துக்கறா, பேனர் கட்டுன கம்புல சாய்ஞ்சுக்கிட்டு. பசங்க ஒரு தடவை அவிழ்க்க வந்தாங்க, கல்லை எடுத்துட்டா. கட்சிக்காரன் பேனருக்கு இவ எதுக்குக் காவல் காக்கறான்னு ஊரே சிரிச்சுச்சு. எனக்கும் புரியல. கொஞ்சம் புத்தி பெரண்டுடுச்சோன்னுகூட நெனைச்சேன். மெட்ராஸ் கெளம்பற அன்னிக்குக் கிட்டப் போயி நின்னு, அவ எதைப் பாக்கறாளோ அதை நானும் பாத்தேன்.

பேனர்ல மேல அண்ணன் பெருசா இருப்பாரு. கீழ, ஓரத்துல, கிளைச் செயலாளர்னு என் மூஞ்சி. பசங்ககிட்ட என் போட்டோ எதுவும் இல்ல போல. நாங்க மூணு பேரும் எடுத்துக்கிட்ட படம் ஒண்ணுதான் ப்ளெக்ஸ் கடையில இருந்திருக்கு, எழிலிக்குக் கண்ணீர் அஞ்சலி பேனர் அடிக்கக் கொடுத்தது. அதுலேர்ந்து என்னை மட்டும் வெட்டி ஒட்டியிருக்கான். அவசரத்துல சரியா வெட்டல. என் தோள்ல எழிலி கை போட்டிருந்தா அந்தப் படத்துல. கையை வெட்டிட்டான், விரல் மூணு அப்படியே தங்கிடுச்சு. என் தோள் மேல. சிரிச்ச மூஞ்சியா நான் நிக்கறேன், கீழ நன்றி நன்றின்னு எழுதியிருக்கு, அந்த மூணு விரல் என்னைப் புடிச்சிக்கிட்டு இருக்கு.

காந்திமதி அதைத்தான் பாத்துக்கிட்டு உக்காந்திருக்கா தம்பி. அதைத்தான் நான் போயி அவிழ்க்கணும்.

பாலம் தாண்டிருச்சு. அடுத்தது எங்க ஊருதான். நீங்க ஜன்னலோரம் இருக்கீங்க, எட்டிப் பாருங்க. ரோட்டோரமா வெயில்ல ஒரு பொம்பள உக்காந்திருப்பா, தலையில முந்தானை போட்டுக்கிட்டு. இருக்காளா?

ஆமாங்கறீங்களா. இருக்கா.

தம்பி, கண்டக்டரைக் கூப்பிட்டு எங்க ஊரு தாண்டி அடுத்த ஊருக்கு ஒரு டிக்கெட் போடச் சொல்லுங்க.